குழந்தை சொன்ன சொல்

உடையின்றி ஓடும் குழந்தையைப் பார்த்து இந்திய நகரங்களின் பல வீடுகளில் எழும் குரல், வீட்டுமொழி எதுவாயினும், ஒன்றே: "ஷேம் ஷேம்!" சில வீடுகளில் அச்சொல் கண்டிப்போடு நிற்பதில்லை, மறைவான உறுப்புகளின் பெயராகவே ஆகிவிடுகிறது. கண், மூக்கு, முழங்கை என ஒவ்வொன்றையும் தாய்மொழியில் தொட்டுக் காட்டும் பெற்றோர், அவ்விடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவுகின்றனர். தன் உடலின் ஒரு பகுதிக்கு வெட்கம் என்றே பெயர் கற்ற குழந்தை, அங்கு எவரேனும் தீண்டினால் எந்தச் சொல்லால் முறையிடும்?

சொல்லின்மை ஒரு தடையெனில், முறைப்பெயர் மற்றொன்று. அயலாரையும் மாமா, அங்கிள், பையா என்றழைப்பது இந்நாட்டு வழக்கு. அழைக்கும்போதே பாதி நம்பிக்கை கைமாறிவிடுகிறது. பதிவாகும் வழக்குகளில் மிகப்பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆகவே, "தெரியாதவர் தரும் மிட்டாயை வாங்காதே" என்னும் அறிவுரை மட்டும் போதாது. "அந்த மாமா வீட்டுக்கு வரமாட்டேன்", "டியூஷன் வேண்டாம்" என்று குழந்தை சொல்வதெல்லாம் தீங்கின் அறிகுறி அன்று. ஆயினும், அதனை அடம் என்று அடக்குமுன் அமைதியாகக் காரணம் கேட்பது பெரியோர் கடமை.

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் இந்த மொழிச் சிக்கலை அறிந்தே இயற்றப்பட்டதுபோல் தோன்றுகிறது. 18 வயதுக்குட்பட்ட எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அதன் காப்புக்குரியவர். வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னவாறே, பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கப் பதிய வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. "ஷேம் ஷேம்" என்று குழந்தை சொன்னால் அவ்வாறே எழுத வேண்டும். அதைச் சட்டச்சொல்லாகத் திருத்தும் உரிமை எழுதுபவருக்கு இல்லை. மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரின் துணை உண்டு. வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருத்தலும் ஆகாது.

குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தல் தண்டனைக்குரியது. குடும்ப மானம் இதற்கு விலக்கன்று. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் அதற்காக வழக்குத் தொடுக்க இயலாது.

உதவி கேட்கும் எண்ணும் குழந்தைகளின் நாவுக்கு எளியதே. 1996இல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன் சேவையின் 1098ஐப் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொன்னால் மறவாது. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். குழந்தையே அழைக்கலாம், அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.

பதினெட்டைக் கடந்து, மொழி தெரியாத ஊரில் படிக்கவோ பணிபுரியவோ சென்ற இளையோருக்கும் வழிகள் உள்ளன. உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181, இணையவழிக் குற்றங்களுக்கு 1930, கல்லூரி ராகிங்குக்கு 1800-180-5522, மனம் தளரும் வேளையில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேச 14416. "இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று காவல் நிலையம் திருப்பியனுப்புவதும் முறையன்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கு நடந்திருப்பினும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தின் தகவலை எந்த நிலையத்திலும் பதியலாம் என்கிறது.

எனினும் இவ்வெண்களுக்கெல்லாம் முன்னதாகக் குழந்தை தேடுவது வீட்டிலுள்ள ஒரு செவியை. "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்ற கேள்வி அச்செவியை அடைத்துவிடும். கேட்டவர் நம்ப வேண்டும். துருவித் துருவிக் கேளாமல், சொன்ன சொற்களை மாற்றாமல், நாளிட்டு எழுதி வைக்க வேண்டும். பின் 1098ஐ அழைக்க வேண்டும். அந்நாள் வாராதிருக்கும்போதே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. குளிப்பாட்டும் வேளையில், காதுக்கும் காலுக்கும் பெயர் சொல்லும் அதே குரலில், எஞ்சிய உறுப்புகளின் பெயர்களையும் குழந்தைக்குத் தாய்மொழியிலேயே சொல்லித் தரலாம்.