வெள்ளை வயிறு, வெள்ளைக் கூடு

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே டிக்லிப்பூருக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல் பயணம். 2024 வரை போர்ட் பிளேர் என்றுதான் அதற்குப் பெயர்; பஸ்ஸில் பலர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். டிக்லிப்பூரைத் தாண்டி ராம்நகர்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கின்றன ஆல்ஃபிரட் குகைகள். உள்ளூர்க்காரர்களுக்கு அவை 'சாலீஸ் ஏக்'. இந்தியில் நாற்பத்தொன்று. குகைகளின் எண்ணிக்கையே பெயராகிவிட்டது.

மாலையில் குகை வாசலுக்கு மேலே பறப்பவை இரண்டு வகை உழவாரக் குருவிகள். வானத்தின் பின்னணியில் இரண்டுமே கறுப்பு. இரண்டுக்கும் அரிவாள் சிறகு. இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். கிளையில் உட்காரத் தெரியாதவை.

நம் ஊர்க் கோபுரங்களில் கூடு கட்டும் உழவாரனுக்கு இடுப்பில் வெள்ளைப் பட்டை உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கே முதுகைப் பார்த்தால் பயனில்லை. பறவை திரும்பும்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் வெள்ளை வயிற்று உழவாரன். சுமார் 10 செ.மீ. நீளம், நல்ல வெயிலில் முதுகு நீலக்கறுப்பாக மின்னும். மரங்களை ஒட்டித் தாழப் பறக்கும். மற்றது கொஞ்சம் பெரியது, மேலே பழுப்பு, கீழே மங்கிய சாம்பல் கலந்த பழுப்பு. மினுமினுப்பு கிடையாது. பார்க்கப்போனால் இரண்டில் அழகில்லாதது இதுதான். ஆனால் பணமெல்லாம் இதன் கூட்டில்தான்.

சந்தேகம் தீர வேண்டுமானால் குகைக்குள் போக வேண்டும். வெள்ளை வயிற்றுக்காரன் வெளிச்சம் எட்டும் இடத்தோடு நின்றுவிடும். பாசியையும் நாரையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும்; வீட்டுத் தாழ்வாரத்திலும் கட்டும். பழுப்புக் குருவியோ கும்மிருட்டில் 'டிக் டிக்' என ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. வௌவாலின் ஒலி நமக்குக் கேட்காது, இது கேட்கும். அதன் கூடு முழுக்க முழுக்க எச்சில். காய்ந்து வெள்ளைக் கிண்ணமாகப் பாறையில் ஒட்டியிருக்கும். சீனர்கள் சூப் வைக்கத் தேடுவது இதைத்தான்.

லின்னேயஸ் 1758இல் 'உண்ணத்தக்கது' என்று பொருள்படும் 'எஸ்குலென்டா' என்ற பெயரை வைத்தது, யாரும் சாப்பிடாத பாசிக் கூட்டுப் பறவை இனத்துக்கு. அறிவியலே தடுமாறிய இடம்.

முட்டையிடுமுன் கூட்டைப் பெயர்த்தால் குருவி மறுபடி கட்டும். மறுபடியும் பெயர்ப்பார்கள். பிறகு முட்டை, குஞ்சு இருந்தாலும் விடுவதில்லை. 1990களில் தீவுகளின் குகைகளில் ஏறி இறங்கி ஆய்வு செய்தவர், கோவையை அடுத்த ஆனைகட்டியின் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன். பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டதாக அவர் கணக்கிட்டார். 1999இல் வனத்துறையோடு சேர்ந்து சாலீஸ் ஏக்கில் காவல் தொடங்கியது. காவலுக்கு அமர்த்தப்பட்டவர்கள், கூடு எடுத்தே பிழைத்தவர்கள். எந்தப் பிளவில் எந்தக் கூடு என்பது வேறு யாருக்குத் தெரியும்? குஞ்சுகள் பறந்த பிறகு காலிக் கூட்டை எடுத்தால் குருவிக்கு நஷ்டமில்லை, எடுப்பவருக்கும் வருமானம் என்பது சங்கரனின் வாதம்.

அவருடைய இன்னொரு யோசனை இன்னும் துணிச்சலானது. வெள்ளை வயிற்று உழவாரன் குடியிருக்கும் வீட்டில், அதன் பாசிக் கூட்டில் பழுப்புக் குருவியின் முட்டையை வைத்துவிடுவது. குயில் தானாகச் செய்வதை இங்கே மனிதன் செய்கிறான். வளரும் குஞ்சு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அங்கே வெள்ளைக் கூடு கட்டும் என்பது எதிர்பார்ப்பு. கண்காணிப்பு சுலபம், குகைக் கொள்ளையர் பயம் இல்லை. முட்டையை வைத்து இனம் பிரிக்க முடியாது; இரண்டும் வெள்ளை. எந்தக் கூட்டிலிருந்து எடுத்தது என்பதுதான் அடையாளம்.

சங்கரன் 2009இல் காலமானார். சாலீஸ் ஏக்குக்குப் போகிறவர்கள் டார்ச் கொண்டுபோகலாம். கூட்டில் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தால் அதன் மீது வெளிச்சத்தை நிறுத்தி வைக்காதீர்கள். அணைத்துவிட்டு நின்றால் அந்த 'டிக் டிக்' உங்கள் காதருகே வந்து விலகிப் போகும்.