கூட வந்தவர்

சிறுநீர்ப் பிரிவுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பெரியாஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் எங்கே அறுபது தாண்டிய ஆண்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்களோ அதுதான். ஸ்கேன் எடுக்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். "முட்டுதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார் நர்சம்மா. "இன்னும் இல்லம்மா." "அப்ப இன்னொரு பாட்டில் குடிங்க." மூலையில் ஒருவர் தொடைகளை ஒட்டிப் பிடித்தபடி, "எனக்கு முட்டிருச்சும்மா, மொதல்ல என்னைய உள்ள விடுங்க" என்று எழுந்தேவிட்டார்.

பெஞ்சின் கோடியில் இருப்பவர் காலடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. வேட்டி மடிப்பிலிருந்து இறங்கும் குழாய் அந்தப் பைக்குள் போகிறது. யாராவது கடந்து போனால் பையின் வாயைக் காலால் மூடிக்கொள்கிறார். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் இந்த வரிசையில் ஒருவர்கூட இன்னொருவரிடம் "உங்களுக்கு என்ன?" என்று கேட்கவில்லை.

டாக்டரின் அறைக்குக் கதவு இருக்கிறது. கூட்டத்தில் அதைச் சாத்த முடியாது. உள்ளே பேசுவது முதல் பெஞ்சு வரைக்கும் கேட்கிறது. "என்ன செய்யுது?" என்றால் ஆண்கள் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். பதில் மனைவியிடமிருந்து வருகிறது. "ராத்திரி அஞ்சு தடவ எந்திரிக்கிறாரு சார். போயி நிக்கிறாரு, நிக்கிறாரு, வந்தபாடில்ல. கல்யாணம் காட்சின்னு எங்கயும் வரமாட்டேங்கிறாரு." "எத்தன நாளா?" "மூணு வருசமா." கணவர் அப்போதுதான் வாய் திறக்கிறார்: "ரெண்டுதான்."

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. புராஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதாக ஆக அதன் உட்பகுதி பெருத்துக் குழாயை நெரிக்கும். இத்தனை பேரை வராந்தாவில் உட்கார வைத்தது அந்தச் சாதாரண வீக்கம்தான். புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளிவிளிம்பில், குழாயைத் தொடாத இடத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் அடைப்பும் இராது, வலியும் இராது. ஆகவே தொடக்கநிலைப் புற்று உள்ளவர் அதற்காக இந்தப் பெஞ்சுக்கு வருவதே இல்லை. வயலில் மடை திருப்பிக்கொண்டிருப்பார், பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். அல்லது இதே வராந்தாவில் அப்பாவின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். எனக்கு இதை நினைத்தால் ஆறவில்லை.

சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு மகன் உள்ளே போகிறார். பின்னால் அம்மா. "இடுப்பு வலின்னு ஆறு மாசமா தைலந்தான் தேச்சுக்கிட்டு இருந்தாரு சார். எலும்பு டாக்டருதான் இங்க அனுப்புனாரு." டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்க்கிறார். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்குள் இருந்தால் பொதுவாக மேலே ஒன்றும் செய்வதில்லை. இவர் சீட்டில் மூன்று இலக்கம். சதை எடுத்துச் செய்த சோதனை புற்று என்றும், எலும்பு ஸ்கேன் அது எலும்புக்குப் பரவிவிட்டது என்றும் சொல்லியிருக்கின்றன.

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறார். இந்தப் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது; அதை நிறுத்தினால் அடங்கும். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941இல் கண்டறிந்து காட்டிய உண்மை இது. 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தொடர்ந்து ஊசி போடலாம், இல்லையென்றால் ஒரு சின்ன ஆபரேஷனில் விதை இரண்டையும் எடுத்துவிடலாம். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வலி நிக்குமாய்யா?"

"நல்லாவே கொறையும்."

"அப்ப எடுத்துருங்க."

இந்தத் துணிச்சலில் கொஞ்சம் ஐந்து வருடம் முன்னால் ஒரு ரத்தச் சோதனைக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று அடிவயிறு கனத்தது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரிடம் அதை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு என்ன வயசு?"

"எனக்கா சார்? நாப்பத்தொம்பது. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கையிலதான் பாக்கணும். அப்பாவுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இருந்தா, உங்களுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு." ஆனால் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். வெறும் வீக்கத்துக்கும் ஏறும், மூத்திரத்தில் கிருமி இருந்தாலும் ஏறும். குறைவாகக் காட்டியும் சிலருக்குப் புற்று இருப்பதுண்டு.

"இருக்குன்னு வந்தா ஒடனே அறுத்துருவீங்களா சார்?"

நியாயமான பயம். அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2012இல் இந்தச் சோதனையை எல்லாருக்கும் வேண்டாம் என்றதற்கு இதுவே காரணம்: ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராத புற்றையும் கண்டுபிடித்து அறுத்து, பலர் மூத்திரம் அடக்க முடியாமலும் தாம்பத்தியம் இழந்தும் அவதிப்பட்டார்கள். 2018இல் அதே குழு, 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. ஐரோப்பாவில் 1,60,000க்கும் மேற்பட்ட ஆண்களை 23 வருடம் தொடர்ந்து பார்த்ததில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றால் சாவது மற்றவர்களைவிட 13 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டனில் தொடக்கநிலைப் புற்றுள்ள 1,643 பேரில் ஒரு பகுதியினருக்கு அறுவை, ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்குக் கண்காணிப்பு. 15 வருடம் கழித்து, மூன்று பகுதியிலும் சுமார் 97 சதவீதத்தினர் இந்தப் புற்றால் சாகவில்லை. ஆகவே கண்டுபிடிப்பது வேறு, அறுப்பது வேறு. இதைப் பிரித்துச் சொன்னால் பாதி பேர் பயமில்லாமல் கை நீட்டுவார்கள் என்றே நம்புகிறேன்.

டாக்டர் இவ்வளவும் சொல்லவில்லை. வெளியே வரிசை நிற்கிறது. "அவசரப்பட்டு அறுக்க மாட்டோம். சிலத வருசக்கணக்கா பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். "தம்பிமாரு இருக்காங்களா?"

"ஒருத்தன் திருப்பூர்ல இருக்கான் சார், டையிங் பட்டறைல."

"அவருக்கும் சொல்லுங்க."

மகன் அப்பாவின் நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளி வந்து ஓரமாக நிறுத்தினார். நர்சம்மாவிடம் ரத்தம் கொடுக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். "டேய், வேலையா இருக்கியா? அப்பாவப் பத்தி அப்பறம் சொல்றேன். மொதல்ல ஒன்னப் பத்திப் பேசணும்."