முருகன் கன்னத்தில் விழுந்த வரி

"கரன்ட் சுத்தமா இருந்தாத்தான் தம்பி படம் சுத்தமா வரும்" என்றார் அண்ணாச்சி. சிவகாசியில் காலண்டர்ப் படங்களை ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை அவருடையது. மேசைக்கடியில் கோழிக்கூடு அளவுக்கு ஒரு சர்வோ ஸ்டெபிலைசர். முள் 230-ஐ விட்டு அசையவில்லை.

அந்த நம்பிக்கை டிரம் ஸ்கேனர் காலத்தது. அக்ரிலிக் உருளையில் எண்ணெய் தடவி, குமிழி விழாமல் பிலிமை ஒட்டி, வேகமாகச் சுழலவிட்டு வேலை பார்த்தவர் அவர். அதில் ஒளியை வாங்குவது போட்டோமல்டிபிளையர் குழாய். சுமார் ஆயிரம் வோல்ட்டில் ஓடும். அந்த வோல்ட் ஒரு சதவீதம் கூடினால் சிக்னல் ஏழெட்டு சதவீதம் கூடிவிடும். அதைக் காக்கும் சுற்று இயந்திரத்துக்குள்ளேயே உண்டு. இருந்தும், ஸ்டெபிலைசர் ஓடாமல் இயந்திரத்தைத் தொடவே விடமாட்டார்களாம்.

இப்போது இருப்பது பிளாட்பெட். அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் டிசியாக்கி ஒரே அளவில் கொடுத்துவிடும். போதாக்குறைக்கு, சர்வோ வோல்ட்டை ஏற்றி இறக்குமே தவிர லைனில் வரும் இரைச்சலை வடிகட்டாது. இதைச் சொன்னால் அண்ணாச்சி நம்புவாரா? எடுத்தே பார்த்துவிடுவோம் என்றேன்.

ஸ்கேன் வேலை பார்க்கும் அக்கா ஒரு பழைய முருகன் டிரான்ஸ்பரன்சியை எடுத்தார். கோவில்பட்டி கொண்டையராஜு பாணி. தோளில் அவ்வளவு ரோஜா நிறம். விளக்கு சூடேற 15 நிமிடம் விட்டோம். விளக்கு ஆறியிருந்தால் அந்தப் பழியும் கரன்ட் தலையில்தான் விழும். தானாகத் திருத்தும் வசதிகளை அணைத்துவிட்டு ஸ்டெபிலைசரில் ஒன்று, நேர் லைனில் ஒன்று, இன்வெர்ட்டரில் ஒன்று என எடுத்தோம். எது எதென்று தெரியாதபடி அக்கா பெயரை மாற்றி வைத்தார்.

மயில் கழுத்தின் இருட்டை வெளிச்சமாக்கிப் பெரிதுபடுத்தினால் மூன்றிலும் ஒரே மாதிரி மணல் தூவிய புள்ளிகள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "இதுதான் ஸ்டெபிலைசர்" என்று அவர் காட்டியது நேர் லைனில் எடுத்தது. புள்ளியைக் குறைக்க அக்காவிடம் வேறு வழி இருந்தது. ஒரே படத்தை 16 தடவை எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் கால்வாசியாகும். நேரம் தின்னும் வேலைதான்.

"அப்ப இந்த வரி எதனால சார்?" என்று வேறொரு கோப்பைத் திறந்தார் அக்கா. முருகன் கன்னத்தில் மயிரிழை வரிகள். ஸ்கேனர் தலை நகரும் திசையிலேயே வரி ஓடினால் தூசியையோ சென்சாரையோ பார்க்க வேண்டும். குறுக்கே விழுந்தால் தலை நகரும்போது ஏதோ மாறியிருக்கிறது: விளக்கு, மோட்டார், அல்லது ஆட்டம். இவை குறுக்கு வரிகள்.

"பாத்தீங்களா, கரன்ட்!" அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது.

"அடுத்த கட்டடத்துல பேப்பர் கட்டிங் மிஷின் இறங்குறப்பதான் அண்ணாச்சி வருது" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். பல மாதமாகத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

கட்டிங் மிஷின் ஓடினால் லைனும் தளரும், தரையும் அதிரும். எது குற்றவாளி? லைனைத் துண்டித்து இன்வெர்ட்டரில் மட்டும் எடுத்தோம். வரி அப்படியே இருந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு கடப்பாக்கல்லைத் தூக்கி, அடியில் தடித்த ரப்பர் போட்டு, அதன்மேல் ஸ்கேனரை வைத்தோம். மிஷின் இறங்கியது. கன்னம் சுத்தம்.

படம் தெளிவாகும் என்று ஸ்டெபிலைசருக்குச் செலவழிக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி ஸ்கேனில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள்.