போன் பிடித்த காது

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். டிரைவர்களோடும் லோடு ஏஜென்ட்டுகளோடும் ராப்பகலாக செல்போனில் பேசுவதுதான் என் கட்சிக்காரரின் வேலை. வலது காது மந்தமாகி ஸ்கேன் எடுத்தபோது, செவிநரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை; ஆனால் ஆபரேஷனில் அந்தக் காது முழுசாகப் போய்விட்டது.

"வக்கீல் சார், போன் பிடிச்ச பக்கம்தானே கட்டி வந்திருக்கு? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். வேணும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அன்று நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், எந்த வேலைக்கு எந்த நோய் என்று மூன்றாம் அட்டவணையில் வகுத்து வைத்திருந்தது. எக்ஸ்-ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் அதில் இருந்தன. செல்போன் அலை அந்த இனமல்ல. அட்டவணையில் இல்லாத நோய்க்கு, வேலையில் விபத்தால் பட்ட காயமே நேரடிக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் காதோரம் பட்ட அலையையே அந்தக் காயமாகக் கொள்ளுங்கள் என்று தொழிலாளர் துணை ஆணையர் முன் வாதாடினேன்.

என் கையில் இருந்த பலமான ஆவணம், அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு. 47 பேரின் இரு காதுகளிலும் போனைக் கட்டி, வலது போனில் மட்டும் சத்தமில்லாமல் 50 நிமிடம் அழைப்பை ஓடவிட்டார்கள். பேச்சு கேட்டு மூளை வேலை செய்துவிடக் கூடாது என்பதற்கே அந்த மௌனம். ஆன்டெனாவை ஒட்டிய மூளைப்பகுதி சுமார் 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோஸைச் செலவழித்திருந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. இத்தாலி உச்ச நீதிமன்றம் 2012இல், முக்கிளை நரம்பில் (டிரைஜெமினல்) கட்டி வந்த ஓர் அலுவலருக்குத் தொழில்நோய் ஓய்வூதியத்தை உறுதிசெய்த தீர்ப்பையும் காட்டினேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வோல்கோவ் ஆய்வையே கையில் எடுத்தார். இந்த மாற்றத்தால் உடம்புக்கு என்ன விளையும் என்று தெரியவில்லை என அதை எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். நரம்பியல் மருத்துவரைக் கூண்டில் ஏற்றினோம். "போனால் வரவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. போனால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. செல்போன் வருவதற்கு முன்பும் இந்தக் கட்டி வந்துகொண்டுதான் இருந்தது" என்றார். நேர்மையான சாட்சியம். வழக்கு அந்த வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. அலைக்கு மூளை அசைகிறது என்பது வேறு, அதனால் கட்டி வளர்ந்தது என்பது வேறு. இரண்டையும் இணைக்க எங்களிடம் சான்று இல்லை.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு வேண்டாம் என்று கட்சிக்காரர் சொல்லிவிட்டார். கைக்கு எட்டிய சான்றை வைத்துப் பார்த்தால் அந்த உத்தரவு சரியானதே. ஆனால் விஞ்ஞானம் முடிவு சொல்லும்வரை தொழிலாளியின் காது காத்திருக்க வேண்டியதில்லை. தலையிலிருந்து சில அங்குலம் தள்ளிப்போனாலே அலையின் வீச்சு வெகுவாகக் குறைந்துவிடும்; சிக்னல் மங்கிய இடத்தில்தான் போன் அதிக சக்தியோடு அலை பரப்பும். ஆகவே நாள் முழுக்க ஆட்களைப் போனில் பேசவைக்கும் முதலாளிகளே, ஆளுக்கொரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். அதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.