திதியும் தீர்த்தமும்

யாழ்ப்பாணத்திலே தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தோர் சித்திரைப் பௌர்ணமியிலும் விரதம் காப்பர். சித்திரைப் பௌர்ணமியன்று கோயில்களிலே சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பது வழக்கம். ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் இடம்பெறும். அன்று கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். மாவிட்டபுரம் கந்தசுவாமியின் தீர்த்தத் திருவிழாவும் அன்று அங்கேதான்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லினூடே இறங்கிய மழைநீர் கடலோரத்தில் நன்னீராய்ச் சுரக்கும் இடம் கீரிமலை. ஆறில்லாத மண்ணில் அவ்வூற்று தீர்த்தமானதில் வியப்பில்லை.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். கீரிமலை நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டது. அவ்வாண்டுகளில் என் தாயார், தம் தந்தையாரை நினைந்து, கிணற்றடியிலேயே தலை முழுகினார். "நிலத்துக்குக் கீழை எல்லாம் ஒரே தண்ணிதானே தம்பி" என்பார்.

அச்சொல்லைப் பலகாலம் எண்ணியதுண்டு. தீர்த்தம் இடத்துக்குக் கட்டுப்பட்டது. அதை வேலியிட்டு மறிக்கலாம். திதியை மறிக்க வேலி இல்லை. இடம் பறிபோன காலத்தில் எங்கள் வழிபாட்டைக் காத்தது நாள்தான்.

இன்று கீரிமலைக் கேணியில் மீண்டும் மக்கள் நீராடுகின்றனர். நானோ இப்பொழுது சித்திரைப் பௌர்ணமியும் காக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் காணும் நிலவை, சில மணிநேரம் கழித்து ரொறன்ரோவில் என் தங்கை காண்பாள். அவளுக்கு அங்கே கீரிமலை இல்லை, நாள் உண்டு. அந்த நாள் யாருக்காக என்பதை அவளுடைய பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதும் பிதிர்க்கடனே.