தோற்ற பாகத்தின் பட்டியலை எடுங்கள்

பெரிய தோல்விக்குப் பிறகு ஒரு கட்சி எழுந்திருக்குமா என்று பூத் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. இந்த வேலையிலேயே நரைத்தவன் நான். எழுந்திருக்கும் என்றுதான் சொல்வேன். பாகம் எண் போட்ட வாக்காளர் பட்டியலைப் பிரித்து உட்கார ஒவ்வொரு சாவடியிலும் ஓர் ஆள் இருந்தால் எழுந்திருக்கும்.

முதலில் இடக் கணக்கைத் தள்ளி வைக்கப் பழகுங்கள். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் கிடைத்தவை 2 இடங்கள். கலைஞர் துறைமுகத்தில் ஜெயித்தும் அந்த இடத்தை ராஜினாமா செய்தார். கட்சி முடிந்தது என்று டீக்கடைகளில் பேசினார்கள். அந்தத் தேர்தலிலும் அதற்கு விழுந்த ஓட்டு 22 சதவீதத்துக்கு மேல். ஐந்தே வருடத்தில் 173 இடங்கள் வந்தன. அதே 1996இல் அ.தி.மு.க. 4 இடங்களுக்கு இறங்கியது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அப்போதும் 21 சதவீத ஓட்டு அவர்களிடம் இருந்தது. 2001இல் 132 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பினார்கள். தொகுதிக்கு ஒருவர்தான் ஜெயிக்க முடியும் என்பதால் ஓட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் இடங்கள் மொத்தமாகச் சாய்ந்துவிடும். மிச்சமிருக்கும் அந்த ஓட்டுதான் விதைநெல். கூட்டணி, ஆட்சி மேல் மக்களுக்கு வந்த வெறுப்பு எல்லாம் பிறகு சேர்ந்துகொள்ளும். விதை இல்லாத இடத்தில் அவை வந்தும் பயனில்லை.

எனக்கு வேலை கற்றுத் தந்தவர் எங்கள் கிளைச் செயலாளர். மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். நம் வீடு என்றால் நீலப் பென்சில், எதிர்த்தரப்பு என்றால் சிவப்பு, தெரியாத வீட்டுக்கு எதுவும் போட மாட்டார். யூகத்தில் நிறம் போடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. தோற்ற மறுநாள் மற்றவர்கள் வேட்பாளரையும் பணத்தையும் குறை சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஓட்டுப்பதிவு அன்று முகவர் டிக் அடித்த பட்டியலைத் திண்ணையில் விரிப்பார். “இது போன ஓட்டா, வராத ஓட்டா? முதல்ல அதைச் சொல்லுப்பா” என்பார்.

இந்த வேலையில் உள்ள நுட்பம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இன்று 17சி படிவத்தில் அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டு கிடைக்கும். படிவம் 20இல் யாருக்கு எவ்வளவு என்று சாவடிவாரியாகக் கிடைக்கும். இரண்டையும் டிக் அடித்த பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நீலம் போட்ட தெருக்களில் டிக் குறைந்திருந்தால் அது வராத ஓட்டு. அவர்களுக்கு நம் மேல் கோபம். ஆனால் வேறு சின்னத்தில் குத்த மனம் வரவில்லை. டிக் குறையாமல் நம் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் அது போன ஓட்டு. முதல் வகைக்கு அவர்கள் திட்டித் தீர்க்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு எதிர்த்தரப்பு அந்தத் தெருவுக்கு என்ன செய்தது என்று விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீண் வேலை.

ஒருமுறை எங்களோடு வந்த இளைஞன் ஒருவன், முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்லித் திட்டிய ஒரு பாட்டியிடம் கட்சியின் சாதனைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினான். கிளைச் செயலாளர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பாட்டி பேசி முடித்ததும் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தார். பிறகு தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தது அந்தப் பையனேதான். போகப் போக, அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன கோபம் என்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

எழ முடியாமல் போன கட்சியையும் பார்க்க வேண்டும். 1967இல் தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். ஆனால் காங்கிரஸுக்கு விழுந்த ஓட்டு 41 சதவீதத்துக்கு மேல், ஜெயித்த தி.மு.க.வுக்கு விழுந்தது அதைவிடச் சற்றுக் குறைவு. அதிலிருந்து ஏன் எழ முடியவில்லை? 1969இல் காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்தார். அந்த ஆண்டே கட்சி இரண்டாக உடைந்தது. நுகம் பூட்டிய இரட்டைக் காளைச் சின்னம் போயிற்று. 1971இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்து சில மக்களவைத் தொகுதிகளில் மட்டும் நின்றது. சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. என் கணக்கில் 1967 தோல்வியைவிட இதுதான் பெரிய சேதம். வேட்பாளர் இல்லாத தேர்தலில் முகவருக்கு வேலையில்லை. முகவர் வேலைக்கு வராத பையன் பட்டியலைத் தொடுவதில்லை. இப்படியே போனால் எந்த வீடு நம் வீடு என்று சொல்ல ஊரில் ஆள் இருக்காது. 1989இல் மூப்பனார் தலைமையில் தனியாக நின்று 20 சதவீதத்தை ஒட்டி வாங்கினார்கள். அதை வைத்துக் கட்டியிருக்கலாம். அடுத்த தேர்தலிலேயே கூட்டணிக்குப் போய்விட்டார்கள்.

அதே 1989இல் அ.தி.மு.க.வும் இரண்டாகக் கிடந்தது. சேவல், இரட்டைப் புறா என்ற சின்னங்களில் தனித்தனியாக நின்று தோற்றார்கள். சில வாரங்களில் ஒன்று சேர்ந்து இரட்டை இலையை மீட்டு, பிறகு தேர்தல் நடந்த மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் ஜெயித்தார்கள். வீடு வீடாகப் போகிறவனுக்குச் சின்னம் எவ்வளவு பெரிய பலம் என்று அப்போது ஊரே பார்த்தது.

வாக்காளர் பட்டியல் திருத்தம்தான் தோற்ற கட்சிக்குக் கையில் கிடைக்கும் முதல் வேலை. மருமகளாக வந்த பெண், பதினெட்டு முடிந்த பையன், திருப்பூருக்குக் குடிபோன குடும்பம், செத்தும் பட்டியலில் இருக்கும் பெரியவர் என்று எல்லாம் அங்கே தெரியும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. வருடம் முழுக்க வேலை இருக்கிறது. தேர்தல் அறிவித்த பிறகு பூத் கமிட்டி போடுகிறவர்களோடு சேராதீர்கள். உங்கள் பாகத்தில் எது தோற்ற தெருவோ அதன் முதல் வீட்டிலிருந்து இந்த மாதமே நடக்கத் தொடங்குங்கள். சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்தவும் இடம் மாற்றவும் 8. மூன்றும் பையில் இருக்கட்டும்.