வளவனூர் - தனுஷ்கோடி: போக வர ஒரு நாள்!

எங்கள் ஊர் வளவனூர். விழுப்புரத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்துவிடும். கடல் பார்க்கவேண்டும் என்று தோன்றினால் கவலையே இல்லை. அதே ரோட்டில் கிழக்கே போனால் ஒரு மணி நேரத்தில் பாண்டிச்சேரி பீச். காந்தி சிலை, சுண்டல், காற்று. ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இப்படிப்பட்ட ஊர்க்காரன், கடல் பார்ப்பதற்காக நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறேன் என்றால் ஜனங்கள் சிரிக்கமாட்டார்களா? சிரித்தார்கள். முதலில் சிரித்தது என் மனைவி.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் ஆபீஸ் கேஷியர். 2025 ஜூன் மாதம் ஒருநாள், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே திட்டத்தை அறிவித்தார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் புறப்படுகிறோம். ஞாயிறு முழுக்க ராமேஸ்வரம், தனுஷ்கோடி. திங்கள் காலை நேராக ஆபீஸ். "ஒரு நாள்கூட லீவு வேண்டாம் சார்!" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நாற்பது பேர் பணம் கட்டினோம். மானேஜரிடம் போய் லீவு கேட்டு நிற்பதைவிட, இரண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவது எவ்வளவோ மேல்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, டெஸ்பாட்ச் தம்பி ஜகா வாங்கிவிட்டான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் படலம். கேஷியர் எனக்கு போன் போட்டு, "ஒரு சீட் காலி சார், உங்க வீட்ல யாராவது வர்றாங்களா?" என்றார். ஸ்பீக்கர் போட்டிருந்தது என் தப்பு. ஈஸிசேரில் கண்ணை மூடியிருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நான் வர்றேன்."

அப்பாவுக்கு வயது எண்பத்திரண்டு. பி.பி. மாத்திரை, முழங்கால் வலி, ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கவேண்டும். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "பஸ்ல ஆட்டம் பாட்டம்னு இருப்பாங்கப்பா, தூக்கம் வராது" என்றேன். "எனக்கு வீட்லயும்தான் வரல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

(என் பயம் முழங்காலைப் பற்றி மட்டும் இல்லை. ஆபீஸ் பையன்களோடு ஜாலியாகப் போகிற இடத்தில் அப்பாவும் பக்கத்து சீட்டில் என்றால்... உங்களுக்குப் புரியும்.)

பஸ் ஒன்பது மணிக்கு வந்திருக்கவேண்டும். பத்தே காலுக்கு வந்தது. ஏறியதும் முன் சீட்டுக்கு ஒரு சின்ன யுத்தம். அப்பாவைப் பார்த்ததும் டிரைவர், "பெரியவரே, நீங்க இங்க வாங்க" என்று தன் பின்னாலேயே உட்கார வைத்துவிட்டார். யுத்தம் முடிந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டும் வரை டப்பாங்குத்து. திருச்சிக்குள் முக்கால்வாசிப் பேர் குறட்டை. அப்பா மட்டும் தூங்கவில்லை. நடுவில் நான் விழித்தபோதெல்லாம், ராத்திரி டியூட்டி கார்டு மாதிரி நேராக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிகிற நேரம் மண்டபம் வந்தது. அப்பா சொன்னார், "இது வரைக்கும் நான் ரெண்டு தடவை வந்திருக்கேன்டா."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. "எப்ப?"

"எண்பத்திநாலுல ஒரு தடவை. தொண்ணூறுல ஒரு தடவை. கேம்ப்ல விசாரிக்க."

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. கோட்டு போட்டு, தலையைப் படிய வாரிய ஓர் இளைஞர். என் பெரியப்பா. அவரை நான் பார்த்ததே இல்லை. 1958-ல், இருபத்தொரு வயதில், கொழும்பில் ஒரு நகைக்கடைக்குக் கணக்கு எழுதப் போனவர். 1966-ல் ஒரு முறை வந்தார். வரும்போது கொண்டுவந்த ராணி சந்தன சோப்பை எங்கள் பாட்டி உபயோகிக்கவே இல்லையாம். புடவைக்கு நடுவில் வைத்து, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மோந்து பார்ப்பாராம். மாதம் ஒரு கடிதம் வரும். 1983 ஜூன் மாதக் கடிதம்தான் கடைசி. ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். அதற்குப் பிறகு அப்பா போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இலங்கையிலிருந்து அகதிகள் வந்து இறங்கிய காலத்தில், என் அப்பா அந்த போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டபம் கேம்ப்பில் ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டு நின்றது தெரியாது. எங்களிடம் 'திருச்சியில் ஒரு கல்யாணம்' என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பாம்பன் பாலம் வந்தது. பஸ் நின்றது. நிற்கக்கூடாது என்று போர்டு இருக்கிறது, ஆனாலும் எல்லா வண்டியும் நிற்கிறது. நாங்கள் நின்றது 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்த ரோடு பாலம். நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அதுவரைக்கும் தீவுக்குப் போக ரயில்தான், இல்லையென்றால் படகு. கீழே பார்த்தால் இரண்டு ரயில் பாலங்கள். ஒன்று 1914-ல் திறந்த பழைய பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கையாக மேலே தூக்கிக்கொள்ளும். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலம். இதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே போகும்.

அப்பா ஜன்னல் வழியாக ஒரு ரூபாய் நாணயத்தை எறிந்தார். அந்தக் காலத்தில் ரயில் இங்கே ஊர்ந்து போகும்போது எல்லோரும் காசு போடுவார்களாம். "தாத்தா, இதுக்கு ஜி.எஸ்.டி. உண்டா?" என்று கேஷியர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக வாங்கிக்கொண்டு, ஈரத்துணியோடு அந்தப் பெரிய பிராகாரத்தில் நடந்தோம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் எந்தப் பாவத்துக்கு என்று ஒருவர் விளக்கினார். கேஷியர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வாளி கேட்டார். டிபன் முடித்து, பதினோரு மணிக்குத் தனுஷ்கோடி கிளம்பினோம்.

ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் ஜீப், வேன் சவாரி. போய்த் திரும்பினால் இடுப்பு எலும்பு எத்தனை என்று எண்ணிவிடலாம் என்பார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்பதரை கிலோமீட்டர், நூல் பிடித்த மாதிரி. இடது பக்கம் பாக் ஜலசந்தி. வலது பக்கம் மன்னார் வளைகுடா. இடது பக்கத்தைப் 'பெண் கடல்' என்றும், வலது பக்கத்தை 'ஆண் கடல்' என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் போனபோது இடது பக்கம் ஏரி மாதிரி அமைதி. வலது பக்கம் ஓயாத இரைச்சல். "தப்பு சார், எங்க வீட்ல நேர் எதிர்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

வழியில் பழைய தனுஷ்கோடி. இடிந்த சர்ச், தபால் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷனின் மிச்சம். 1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவில் அடித்த புயலில் போன ஊர். பாம்பனிலிருந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை நெருங்கும் சமயத்தில் அலையில் போய்விட்டது. நூறு பேருக்கும் மேல் இருந்த ரயில், ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின. அதை நாற்பத்தாறே நாளில் சரி செய்து மறுபடி ரயில் விட்டார்கள். அந்த வேலையை நடத்திய இளம் என்ஜினீயர்தான் பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய ஈ. ஸ்ரீதரன். பாலத்தை மீட்டார்கள், ஊரை மீட்கவில்லை. வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர். மணலில் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது!

பையன்கள் சர்ச் சுவரில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலிக்காரர் நடக்கிற நடையா அது? நான் பின்னால் ஓடினேன்.

"இங்கதான்டா ஸ்டேஷன். போட் மெயில் நேரா கப்பல் துறை வரைக்கும் போகும். விழுப்புரத்துல ராத்திரி ஏறினோம். நான், உங்க தாத்தா, அண்ணன். எனக்குப் பதினஞ்சு வயசு. ரயில்லேர்ந்து இறங்கி நாலு எட்டு வச்சா கப்பல். ரெண்டு கப்பல் உண்டு, இர்வின், கோஷன். மெட்ராஸ்ல டிக்கெட் வாங்கினா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட். கப்பல் தலைமன்னார்ல விடும், அங்கேர்ந்து மறுபடி ரயில்."

"பெரியப்பா என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. 'வெயில்ல நிக்காத, போடா'ன்னாரு."

அதற்கு மேல் அப்பா பேசவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. "வெயில்ல நிக்காதீங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அரிச்சல்முனையில் ரோடு முடிகிறது. ஒரு ரவுண்டானா, நடுவில் அசோகச் சின்னம் வைத்த தூண், அதைச் சுற்றி ஐஸ், மாங்காய், சங்குமாலை. அதற்கப்பால் மணல், அதற்கப்பால் இரண்டு கடலும் கலக்கிற இடம். குளிக்கக்கூடாது. இழுப்பு பொல்லாதது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். எனக்குச் சட்டென்று உறைத்தது. வளவனூரிலிருந்து பாண்டிச்சேரி பீச்சுக்குப் போகிற தூரம்! நாங்கள் சுண்டல் தின்னப் போய்வருகிற தூரத்தில், நாற்பத்திரண்டு வருஷமாக ஒரு கடிதம் வரவில்லை.

அப்போது பார்த்து என் செல்போன் 'டிங்' என்றது. இலங்கைக் கம்பெனி ஒன்றின் சிக்னல் பிடித்து, வரவேற்பு மெசேஜ் வந்திருந்தது. "சார், ரோமிங் எகிறிடும், ஆஃப் பண்ணுங்க!" என்று கேஷியர் அலறினார். பணம் என்றால் அவருக்குக் கடலோரத்திலும் கணக்குப் புத்தகம்தான்.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்னு வந்திருக்குப்பா."

அப்பா கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். "என்னையா?" என்றார்.

நான் போனை ஆஃப் பண்ணவில்லை. ஆகிற ரோமிங் ஆகட்டும்.

இருட்டுவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். ராத்திரி தங்க அனுமதி இல்லை. (நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். மண்ணில் நிழல் என்று ஒன்று கிடையாது.) வரும் வழியில் கோதண்டராமர் கோயிலும், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடமும் பார்த்துவிட்டு, ஏழரை மணிக்குப் பாலம் ஏறினோம். திரும்பும் பஸ்ஸில் பாட்டு போடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

நடு ராத்திரி, புதுக்கோட்டை பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது அப்பா கேட்டார், "நாகப்பட்டினத்துலேர்ந்து யாழ்ப்பாணம் பக்கம் கப்பல் விட்டிருக்காங்களாமே?"

ஆமாம், 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கு ஆரம்பித்தார்கள், இடையில் நிறுத்தி மறுபடி விட்டிருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

திங்கள் காலை ஆறரை மணிக்கு வளவனூரில் இறங்கினோம். டிரைவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த அப்பா, வீட்டு வாசலில் நின்றார்.

"பாஸ்போர்ட் எடுக்க என்னென்னடா வேணும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா... பெரியப்பா இருந்தா இப்ப எண்பத்தெட்டு வயசு..."

"அதனாலதான் சீக்கிரம்ங்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பத்து மணிக்கு ஆபீஸ் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்து முதல் வேலையாக பாஸ்போர்ட் அப்ளிகேஷனைத்தான் நிரப்ப ஆரம்பித்தேன். தயவுசெய்து மானேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.